அசீர்டிகோ ஒயின்: கொடியிலிருந்து கோப்பை வரை ஒரு முழு வழிகாட்டி

வெள்ளை ஒயின் என்றாலே பூ மணத்தோடும் லேசான இனிப்போடும் தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்கும் என்று எதிர்பார்ப்பவரை அசீர்டிகோ முதல் வாயிலேயே அதட்டிவிடும். எலுமிச்சையைப் பிழிந்து, உப்புக் கல் ஒன்றைப் போட்டு, சர்க்கரையை மறந்துவிட்டது போன்ற சுவை. நான் முதன்முதலில் இதைச் சுவைத்தது ஓர் உணவகத்தில். வெகுநேரம் ஐஸ் வாளியில் கிடந்த பாட்டிலைத் திறந்து ஊற்றினார்கள். புளித்த தண்ணீருக்கா இவ்வளவு விலை என்று கோப்பையை ஒதுக்கி வைத்தேன். சாப்பாடு முடிகிற நேரத்தில், காசு கொடுத்ததை வீணாக்க மனமில்லாமல் எடுத்துக் குடித்தேன். அதற்குள் குளிர் இறங்கியிருந்தது. உள்ளே இருப்பது வேறு ஒயினோ என்று சந்தேகம் வந்துவிட்டது.

அந்த அரை மணி நேரத்தில் என்ன நடந்தது என்று தேடப் போய்ச் சேர்த்ததுதான் இந்த வழிகாட்டி. மதுப் பழக்கம் இல்லாதவர்கள் இதற்காகத் தொடங்க வேண்டியதில்லை. மண்ணும் பயிரும் பற்றிய கதையாக மட்டும் படித்தாலும் இதில் விஷயம் இருக்கிறது.

முதல் படி: ஊரைத் தெரிந்துகொள்ளுங்கள்

அசீர்டிகோ என்பது திராட்சை வகையின் பெயர். உச்சரிக்கும்போது 'சீர்' என்ற இடத்தில் அழுத்தம் விழ வேண்டும். அதன் சொந்த ஊர் கிரேக்க நாட்டின் ஏஜியன் கடலில் உள்ள சாண்டோரினி தீவு. கிரேக்கர்கள் அதைத் திரா என்றும் அழைப்பார்கள். நீலக் குவிமாடமும் வெள்ளைச் சுவரும் கொண்ட நாட்காட்டிப் படங்களில் நீங்கள் பார்த்திருக்கும் அதே தீவுதான். படம் எடுப்பவர்கள் கடலைப் பார்த்து நிற்பார்கள். திராட்சை அவர்களுடைய முதுகுக்குப் பின்னால் தரையோடு தரையாகக் கிடக்கும்.

சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன்பு இங்கே ஓர் எரிமலை வெடித்தது. தீவின் நடுப்பகுதி கடலுக்குள் இடிந்து விழுந்தது. மீதியிருந்த நிலத்தைப் பல மீட்டர் உயரத்துக்குச் சாம்பலும் நுரைக்கல்லும் மூடின. அந்தச் சாம்பலுக்கு அடியில் புதைந்த அக்ரோதிரி என்ற ஊரை 1967இல் ஸ்பிரிடோன் மரினாதோஸ் தோண்டத் தொடங்கினார். சுவரோவியங்களோடும் மாடி வீடுகளோடும் ஒரு நகரமே வெளியே வந்தது. நமக்கு முக்கியம் அந்த நகரத்தை மூடியிருந்த சாம்பல். அஸ்பா என்று உள்ளூரில் சொல்லப்படும் அந்த வெளிறிய மண்ணில்தான் இன்றைய கொடிகள் நிற்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் சூயஸ் கால்வாய்க் கட்டுமானத்துக்கு இங்கிருந்து கப்பல் கப்பலாக வெட்டிக்கொண்டு போனதும் இந்தச் சாம்பலைத்தான்.

ஏஜியன் கடல் ஒயினுக்கும் தமிழகத்துக்கும் பழைய அறிமுகம் உண்டு. அரிக்கமேட்டில் கிடைத்த மதுச்சாடி உடைசல்களில் கோஸ் தீவுச் சாடிகளும் இருக்கின்றன. கோஸ், சாண்டோரினிக்குக் கிழக்கே அதே கடலில் இருக்கும் தீவு. யவனர் கொண்டுவந்த தேறலைச் சங்கப் பாட்டும் பேசுகிறது. அது அசீர்டிகோதான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆதாரம் இல்லாத உறவு கொண்டாட வேண்டியதில்லை.

இரண்டாம் படி: மண்ணில் என்ன இல்லை என்று பாருங்கள்

மற்ற ஒயின் பகுதிகளில் மண்ணில் என்ன இருக்கிறது என்று பெருமை பேசுவார்கள். சாண்டோரினியைப் புரிந்துகொள்ள, இல்லாதவற்றை எண்ண வேண்டும்.

முதலில், தண்ணீர் இல்லை. ஆண்டு மழை சுமார் 350 மில்லிமீட்டர். சென்னையில் பெய்வதில் கால் பங்கு. மழை பொய்க்கும் ஆண்டுகளில் அதிலும் பாதிதான் கிடைக்கும். வேனிற்காலத்தில் மாதக்கணக்கில் ஒரு துளி விழாது. ஆறு கிடையாது. செடியைக் காப்பாற்றுவது இரவில் கடலிலிருந்து ஏறிவரும் ஈரப் பனி. நுரைக்கல் பஞ்சுபோல் துளைகள் நிறைந்தது. இரவில் உறிஞ்சிய ஈரத்தைப் பகலில் கொஞ்சம் கொஞ்சமாக வேருக்கு விடுகிறது.

இரண்டாவதாக, களிமண் ஏறக்குறைய இல்லை. இதன் பலன் உலக அளவில் அரியது. 1860களில் தொடங்கி ஃபைலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களைத் தின்று தீர்த்தது. பூச்சியைத் தாங்கும் அமெரிக்கத் திராட்சையின் வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டித்தான் ஒயின் தொழிலைக் காப்பாற்றினார்கள். இன்று உலகின் பெரும்பாலான ஒயின் திராட்சை அப்படி இரவல் வேரில் நிற்கிறது. சாண்டோரினியின் மணலிலும் சாம்பலிலும் அந்தப் பூச்சியால் பிழைக்க முடியவில்லை. இங்கே கொடி தன் சொந்த வேரிலேயே நிற்கிறது.

மூன்றாவதாக, மட்கிய பொருளும் பொட்டாசியமும் மிகக் குறைவு. பொட்டாசியம் கூடினால் திராட்சைச் சாற்றின் புளிப்பு மழுங்கும். அது குறைவாக இருப்பதால்தான், சுட்டெரிக்கும் வெயிலில் பழுத்து 14 விழுக்காடு ஆல்கஹால் தரும் அளவுக்குச் சர்க்கரை ஏறிய பிறகும் இந்தப் பழத்தின் புளிப்பு கூர்மையாக நிற்கிறது. வெப்பமான நாடுகளில் பெரும்பாலான வெள்ளைத் திராட்சைகள் பழுக்கப் பழுக்கப் புளிப்பை இழந்துவிடும். அசீர்டிகோ விட்டுக்கொடுப்பதில்லை. இது மண்ணின் குணம் மட்டுமல்ல, இந்த வகையின் பிறவிக் குணமும் கூட. உலகம் சூடேறிவரும் காலத்தில் வேறு நாடுகள் இந்தக் கொடியைத் தேடி வருவதற்குக் காரணம் இதுதான்.

இத்தனை இல்லாமைகளுக்கும் விலை உண்டு. பிரான்சின் ஷாம்பெயின் பகுதியில் ஒரு ஹெக்டேரில் 10 டன் அளவுக்குத் திராட்சை எடுக்கிறார்கள். இங்கே நல்ல ஆண்டில் இரண்டு மூன்று டன். வறண்ட ஆண்டில் ஒரு டன்னே பெரிது.

மூன்றாம் படி: கூலூரா என்ற கொடிப்பின்னலைப் புரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போக வேண்டாம். பாட்டிலின் விலையும் சுவையும் இங்கேதான் முடிச்சிடப்படுகின்றன.

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சையைப் பந்தலில் ஏற்றுகிறார்கள். கீழே நின்று தலைக்கு மேல் கைநீட்டிக் குலையை வெட்டலாம். சாண்டோரினியில் பந்தல் போட்டால் ஒரே வாரத்தில் காற்று கொண்டுபோய்விடும். கோடையில் வடக்கிலிருந்து வீசும் மெல்டெமி காற்று தளிரை ஒடிக்கும், பூவை உதிர்க்கும், மணலை வாரி இலைமேல் அடிக்கும். அதனால் உழவர்கள் கொடியைத் தரையிலேயே சுருட்டினார்கள்.

நம் வீட்டில் பானை உருளாமல் இருக்க அடியில் வைக்கும் பிரிமனையை நினைத்துக்கொள்ளுங்கள். வைக்கோற்புரியை ஒன்றின்மேல் ஒன்றாக வளைத்துப் பின்னுவோம் அல்லவா? குளிர்காலக் கவாத்தின்போது சாண்டோரினி உழவர் முந்தைய ஆண்டுக் கிளைகளில் நல்லவற்றை மட்டும் நிறுத்தி, அவற்றை அதேபோல் வட்டமாக வளைத்து ஒன்றோடொன்று பின்னிவிடுகிறார். அடுத்த ஆண்டுத் துளிர் அந்த வளையத்திலிருந்து கிளம்பும். மறு ஆண்டு அதன்மேல் இன்னொரு சுற்று. ஆண்டுகள் ஏற ஏற அது ஒரு கூடையாகிறது. கூலூரா என்றால் வளையம். தின்பதற்கு விற்கும் எள் தூவிய வளைய ரொட்டியின் பெயரும் அதே சொல்லிலிருந்து வந்ததுதான்.

குலைகள் கூடைக்கு உள்பக்கம் தொங்கும். வெளியே இலைகள் குடை பிடிக்கும். காற்று மேலே வீசிப் போய்விடும். வெயில் நேராகப் பழத்தில் விழாது. இரவு ஈரம் உள்ளே தங்கும். ஒரு கம்பி இல்லை, ஒரு கம்பம் இல்லை. இதைவிட மலிவான, இதைவிட உழைப்பு பிடுங்கும் வேளாண்மை முறை அரிது. டிராக்டர் உள்ளே நுழைய முடியாது. அறுவடை முழுவதும் குனிந்தே செய்ய வேண்டும். இலையை விலக்கி, கூடைக்குள் கைவிட்டு, குலையைத் தடவிக் கண்டுபிடித்து வெட்ட வேண்டும்.

எழுபது எண்பது ஆண்டுகள் ஆனதும் கூடை கிழடு தட்டிவிடும். வேரிலிருந்து நுனிவரை சாறு ஏறிப்போகும் வழி நீண்டு, விளைச்சல் சுருங்கும். அப்போது கூடையை முழுக்க வெட்டி எறிந்துவிடுகிறார்கள். வேர் சாவதில்லை. அடியிலிருந்து புதுத் துளிர் வருகிறது, புதுக் கூடை தொடங்குகிறது. இப்படிப் பலமுறை தலைமாற்றப்பட்ட கொடிகள் உண்டு. சில வேர்களுக்கு முந்நூறு நானூறு வயது என்று ஊரில் சொல்கிறார்கள். வேருக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது என்பதால் எண்ணைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே கேட்பேன். ஆனால் தாத்தா வெட்டிய இடத்தில் பேரன் பின்னுகிறான் என்பது மிகையில்லை.

நேரில் பார்க்க விரும்பினால் ஆகஸ்ட் தொடக்கத்தில் போங்கள். அறுவடை அப்போது நடக்கும். அண்மை ஆண்டுகளில் ஜூலைக் கடைசியிலேயே தொடங்கிவிடுவதும் உண்டு. விடியற்காலையில் மெகாலோஹோரி, பிர்கோஸ், எபிஸ்கோபி கோனியா ஊர்களின் பக்கம் நடந்தால் போதும். முன்பின் அறியாதவர் கண்ணுக்கு அது தோட்டமாகவே தெரியாது. வெற்றுப் பொட்டலில் யாரோ பச்சைப் புதர்களைத் தூரம் தூரமாக வைத்துவிட்டுப் போனதுபோல் இருக்கும். வோதோனாஸ் ஊருக்கு அருகே பழைய நிலத்தடிக் குகையில் ஓர் ஒயின் அருங்காட்சியகம் உண்டு. மென்மையான எரிமலைப் பாறையைக் குடைந்து ஒயின் செய்த அப்படிப்பட்ட இடங்களைக் கனாவா என்பார்கள். சூரியன் மறைவதைப் பார்க்க ஓயா ஊரில் முண்டியடிப்பதைவிட இதில் ஒரு மாலையைச் செலவிடலாம் என்பது என் கட்சி.

நான்காம் படி: மூன்று ஒயின்களைப் பிரித்தறியுங்கள்

ஒரே திராட்சையிலிருந்து இந்தத் தீவில் மூன்று விதமான வெள்ளை ஒயின் வருகிறது. பெயர் தெரியாமல் வாங்கினால் ஏமாற்றம் நிச்சயம்.

சாண்டோரினி என்று மட்டும் பெயர் போட்டிருப்பது இனிப்பில்லாத வெள்ளை ஒயின். 1971 முதல் இந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அசீர்டிகோ முக்கால் பங்குக்குக் குறையக் கூடாது. மீதிக்கு அதிரி, அய்தானி என்ற இரண்டு உள்ளூர் வெள்ளை வகைகளைச் சேர்க்கலாம். அதிரி மென்மை தரும், அய்தானி பூ மணம் தரும். பல ஆலைகள் இப்போது அசீர்டிகோவை மட்டுமே போட்டுச் செய்கின்றன. எஃகுத் தொட்டியில் குளிர்வித்து நொதிக்க வைத்தது கூர்மையாகவும் தெளிவாகவும் இருக்கும். நொதித்த பின் அடியில் தங்கும் ஈஸ்ட் மண்டியோடு சில மாதங்கள் விட்டுவைத்தால் வாயில் ஒரு திண்மை கூடும். இப்படி மண்டிமேல் வைத்ததே எனக்குப் பிடித்தது. பீப்பாயில் வைத்தது ஆளுக்கு ஆள் மாறும். மரவாசனை தூக்கலான ஒன்றைக் குடித்துவிட்டு அசீர்டிகோ இப்படித்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

நிக்தேரி இரண்டாவது. நிக்தா என்றால் இரவு. பகல் வெயிலில் பழம் கெட்டுவிடும் என்று அறுத்த அன்றைக்கே இரவோடிரவாக மிதித்துப் பிழிந்ததால் வந்த பெயர். சற்று முற்றிய பழத்தில் செய்வது. குறைந்தது 13.5 விழுக்காடு ஆல்கஹால் இருக்க வேண்டும், மூன்று மாதமாவது பீப்பாயில் இருந்திருக்க வேண்டும் என்பது விதி. உடம்பு கனத்த ஒயின். சாதாரணச் சாண்டோரினிக்கு நாக்கு பழகிய பிறகு இதற்கு வாருங்கள்.

மூன்றாவது வின்சாந்தோ, இனிப்பு ஒயின். குலைகளை வெயிலில் பத்துப் பன்னிரண்டு நாள் பரப்பி, வற்றல் போடுவதுபோல் உலர்த்துவார்கள். பாதி திராட்சையாகவும் பாதி உலர்திராட்சையாகவும் ஆனதைப் பிழிந்தால் தேன்போல் கொஞ்சமே வழியும். அது மெல்ல நொதித்து, குறைந்தது இரண்டு ஆண்டுகள் பீப்பாயில் இருக்கும். இதில் பாதிக்கு மேல் அசீர்டிகோ இருக்க வேண்டும். அத்திப்பழம், காப்பி, உலர்ந்த ஆரஞ்சுத் தோல், காய்ச்சிய சர்க்கரைப் பாகு எல்லாம் மணக்கும். இத்தனை இனிப்பும் திகட்டாமல் போவதற்குக் காரணம் அடியில் ஓடும் அதே புளிப்புத்தான்.

இத்தாலியின் டஸ்கனியிலும் வின் சாந்தோ என்று ஓர் இனிப்பு ஒயின் உண்டு. அது வீட்டுக்குள் பரணில் உலர்த்திய திராட்சையில் செய்வது, வேறு வகை, வேறு சுவை. புனித ஐரீன் பெயரால் இந்தத் தீவைச் சாந்தா இரினி என்று அழைத்தவர்கள் இத்தாலியர். அந்தத் தீவின் ஒயின் என்ற பொருளில்தான் வின்சாந்தோ வந்தது என்பது கிரேக்கர் வாதம். ஒரு காலத்தில் இது ரஷ்யாவுக்குக் கப்பலேறி அங்குள்ள ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகளின் திருவிருந்துக்குப் பயன்பட்டது. தீவின் செல்வத்தில் பெரும்பகுதி அப்போது இந்த இனிப்பிலிருந்து வந்தது. இன்று நாம் கொண்டாடும் இனிப்பில்லாத ஒயின் உலகச் சந்தையில் பெயர் எடுத்தது கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில்தான்.

ஐந்தாம் படி: பாட்டிலைத் தேர்ந்தெடுங்கள்

முகப்புச் சீட்டில் முதலில் தேட வேண்டிய சொல் சாண்டோரினி. அசீர்டிகோ என்ற பெயர் இரண்டாவது. அசீர்டிகோ மட்டும் பெரிதாக எழுதி, ஊர்ப் பெயராக வேறொன்றைப் போட்டிருந்தால் அது கிரேக்கப் பெருநிலத்திலோ கிரீட் தீவிலோ விளைந்ததாக இருக்கும். அதில் மோசடி ஒன்றும் இல்லை. ஹால்கிடிகி, த்ராமா பகுதிகளில் நல்ல அசீர்டிகோ விளைகிறது. கம்பியில் ஏற்றிய இளங்கொடி, வளமான மண், அதனால் பழச்சுவை கூடுதலாகவும் உப்பும் கூர்மையும் குறைவாகவும் இருக்கும். விலை பாதி. பழகுவதற்கு அதிலிருந்து தொடங்கினால்கூடத் தவறில்லை.

ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கிலும் இந்தக் கொடி இருக்கிறது. ஜிம் பாரி ஒயின் ஆலைக் குடும்பத்தின் பீட்டர் பாரி 2006இல் சாண்டோரினிக்குச் சுற்றுலா போய், இதைக் குடித்து மயங்கி, குச்சிகளை முறைப்படி இறக்குமதி செய்தார். தொற்றுநோய்த் தடுப்புக் காவல் எல்லாம் கடந்து 2012இல் நட்டு, 2016 அறுவடையை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். சிட்னியிலும் மெல்போர்னிலும் இருக்கும் தமிழர்கள் கிரேக்கப் பாட்டிலையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒரே கொடி இரண்டு மண்ணில் எப்படிப் பேசுகிறது என்று காட்ட இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

தீவின் ஆலைகளில் சில பெயர்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சாண்டோ ஒயின்ஸ் தீவின் உழவர் கூட்டுறவு. விலையில் மட்டாக இருக்கும், முதல் பாட்டிலுக்குப் போதும். ஆர்கிரோஸ் 1903 முதல் இயங்கும் குடும்ப ஆலை, முதிர்ந்த கொடிகளுக்கும் இருபது ஆண்டுகள் பீப்பாயில் வைத்த வின்சாந்தோவுக்கும் பெயர்பெற்றது. சிகாலாஸ் ஆலையைத் தொடங்கிய பாரிஸ் சிகாலாஸ் கணிதம் படித்தவர். ஊர் ஊராகத் தனித்தனியே அசீர்டிகோவைப் பாட்டிலில் அடைத்து, இந்தச் சின்னஞ்சிறு தீவுக்குள்ளேயே ஊருக்கு ஊர் சுவை மாறுகிறது என்று காட்டியது அந்த ஆலை. கணக்கு வாத்தியார் செய்கிற வேலைதான். பிர்கோஸில் உள்ள ஹட்சிடாகிஸ் ஆலையின் ஒயின்கள் சற்று முரட்டுத்தனமானவை, ஆழமானவை. கயா ஆலை 1994இல் தொடங்கப்பட்டு, கடற்கரையில் ஒரு பழைய தக்காளித் தொழிற்சாலையில் நடக்கிறது. அவர்கள் சில நூறு பாட்டில்களைக் கடலுக்கடியில் இருபது மீட்டருக்கும் கீழே இறக்கி, ஐந்து ஆண்டு வைத்து எடுத்துப் பார்த்தார்கள். காற்றில்லாமல், அசைவில்லாமல், குளிர்ச்சியில் ஒயின் எப்படி மூப்படைகிறது என்ற சோதனை. சுவாரசியமான விஷயம்தான், ஆனால் அந்தச் சிப்பி ஒட்டிய பாட்டிலுக்குக் கேட்கும் விலையைக் கொடுக்க எனக்கு மனம் வராது.

அறுவடை ஆண்டைக் கட்டாயம் பாருங்கள். பெரும்பாலான வெள்ளை ஒயினுக்குப் புதியது நல்லது. நல்ல சாண்டோரினிக்கு இரண்டு மூன்று ஆண்டு வயது ஆகியிருந்தால் நல்லது. அதற்கு முன்பு அது பேச மறுக்கும் பிள்ளை. ஐந்து முதல் பத்து ஆண்டுகள்வரை தாக்குப்பிடிக்கும், வைக்கும் இடம் குளிர்ச்சியாகவும் இருட்டாகவும் இருந்தால். சென்னையில் சமையலறை அலமாரியில் வைத்தால் ஒரே கோடையில் போய்விடும்.

விலையைப் பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவிலேயே 25, 30 யூரோவுக்குக் குறைந்து நல்ல சாண்டோரினி கிடைப்பது அரிது. இறக்குமதி வரி ஏறிய நாடுகளில் கேட்கவே வேண்டாம். பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு இவ்வளவு இல்லை. தீவில் திராட்சை விலை இடைக்காலத்தில் பல மடங்கு ஏறிவிட்டது. காரணம் எளிது. சாண்டோரினியில் திராட்சை நிலம் சுமார் 1,200 ஹெக்டேருக்குள் சுருங்கிவிட்டது. 1956 ஜூலையில் வந்த பெருநிலநடுக்கத்துக்குப் பிறகு பல குடும்பங்கள் நிலத்தை விட்டு வெளியேறின. பிறகு சுற்றுலா வந்தது. ஆண்டுக்கு இருபது லட்சம் பேருக்கு மேல் வந்து போகும் தீவில், குனிந்து கூடை பின்னுவதைவிட அறை வாடகைக்கு விடுவதில் வருமானம் அதிகம். நீச்சல் குளம் வந்த இடத்தில் கொடி திரும்ப வராது. அதற்குமேல் 2023, 2024 ஆண்டுகளின் வறட்சியில் விளைச்சல் படுத்துவிட்டது. கூடை பின்னத் தெரிந்த கைகளும் முதுமை அடைந்துவிட்டன. சில ஆலைகள் புதுத் தோட்டங்களில் கம்பியில் ஏற்றியும் சொட்டுநீர் விட்டும் பார்க்கின்றன. மரபை விட்டுவிட்டார்கள் என்று தூரத்திலிருந்து குறைசொல்வது எளிது. முதுகு அவர்களுடையது.

ஆறாம் படி: குளிரவைத்து, ஆறவைத்து ஊற்றுங்கள்

நான் முதலில் ஏமாந்தது இங்கேதான். குளிர்பெட்டியின் நான்கு ஐந்து பாகைக் குளிரில் மணம் மூடிக்கொள்ளும், புளிப்பு மட்டும் தனியாகத் துருத்தி நிற்கும். 10 முதல் 12 பாகை செல்சியஸ் சரியான அளவு. பீப்பாயில் வைத்ததும் நிக்தேரியும் இன்னும் ஒன்றிரண்டு பாகை ஏறலாம். வெப்பமானி வேண்டாம். குளிர்பெட்டியிலிருந்து எடுத்து நம் ஊர் வெயில் காலத்தில் பதினைந்து நிமிடம், குளிர் நாட்டில் அரை மணி நேரம் வெளியே வைத்தால் போதும்.

தக்கையைத் திறந்ததும் தீக்குச்சி உரசியதுபோல் ஒரு நெடி வந்தால் பயப்பட வேண்டாம். காற்றுப் படாமல் செய்த ஒயினின் குணம் அது. அகன்ற வாய்ச் செம்பு அல்லது கண்ணாடிக் குடுவை ஏதாவது ஒன்றில் ஊற்றி இருபது நிமிடம் விட்டால் அடங்கிவிடும். வெள்ளை ஒயினைக் குடுவையில் ஊற்றுவதா என்று கேட்பார்கள். இதற்கு ஊற்றலாம். கோப்பையும் ஒல்லியாக வேண்டாம், வயிறு கொஞ்சம் அகன்றதாக இருக்கட்டும்.

ஏழாம் படி: சுவையுங்கள்

நிறம் வெளிறிய வைக்கோல். பழையதானால் பொன்னிறம் ஏறும். முகர்ந்தால் எலுமிச்சைத் தோல், பச்சை ஆப்பிள், சிக்கிமுக்கிக் கல்லைத் தட்டியதுபோல் ஒரு புகை. வயதானதில் தேன்மெழுகும் இஞ்சியும் தலைகாட்டும். ரோஜாவோ மாம்பழமோ தேடாதீர்கள், கிடைக்காது.

ஒரு வாய் எடுத்து, விழுங்கும் முன் சில நொடி வைத்திருங்கள். முதலில் தாடையின் இரண்டு ஓரத்திலும் எச்சில் ஊறும். அது புளிப்பு. பிறகு நாக்கின்மேல் ஒரு கனம் உட்காரும். அது ஆல்கஹாலும் மண்டியும் தந்த உடம்பு. ஈறுகளில் நாவற்பழம் தின்றதுபோல் மெல்லிய துவர்ப்பு தட்டும். வெள்ளைத் திராட்சையில் இது அரிது. விழுங்கிய பிறகு உதட்டை நக்கிப் பாருங்கள், உப்பு.

இந்த உப்பையும் கல்லையும் வேர் மண்ணிலிருந்து நேராக உறிஞ்சிப் பழத்தில் சேர்க்கிறது என்று விற்பனைக்காரர்கள் சொல்வார்கள். அழகான கதை, ஆனால் செடி அப்படி வேலை செய்வதில்லை. வறட்சி, குறைந்த பொட்டாசியம், கூர்மையான புளிப்பு, நொதிக்கும்போது உண்டாகும் கந்தகச் சேர்மங்கள், கடற்காற்று பழத்தின்மேல் படியவிடும் உப்பு எல்லாம் சேர்ந்து நாக்கில் அந்த எண்ணத்தை எழுப்புகின்றன. இதைத் தெரிந்துகொண்ட பிறகும் எனக்கு அது கல்லாகத்தான் ருசிக்கிறது.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். கூர்மையான புளிப்பு ஆல்கஹாலை மறைத்துவிடும். எலுமிச்சைச் சாறுபோல் இறங்கினாலும் உள்ளே 14 விழுக்காடு இருக்கிறது. இரண்டு கோப்பைக்குப் பின் வண்டிச் சாவியை எடுக்காதீர்கள்.

எட்டாம் படி: சாப்பாட்டோடு வையுங்கள்

தனியாகக் குடிக்கும் ஒயின் அல்ல இது. தீவில் இதோடு வருபவை அதே வறண்ட மண்ணில் விளைந்தவை: மழையில்லாமல் பழுக்கும் சின்னத் தக்காளியில் செய்த உருண்டை வடை, கேப்பர் மொட்டு, வெள்ளைக் கத்தரிக்காய், கரியில் சுட்ட கணவாய் இன ஆக்டோபஸ், பிறகு ஃபாவா. ஃபாவா என்றதும் அவரை என்று நினைக்காதீர்கள். கேசரிப் பருப்பின் ஒன்றுவிட்ட உறவான ஒரு மஞ்சள் பருப்பை வேகவைத்து மசித்து, மேலே வெங்காயமும் ஆலிவ் எண்ணெயும் விடுவார்கள். நம் பருப்புக் கடைசலைச் சாப்பிட்டு வளர்ந்தவருக்கு அறிமுகம் தேவையில்லை.

நம் சமையலில் எது ஒத்துப்போகும் என்று சில ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். எண்ணெயில் பொரித்த நெத்திலி, இறால், மிளகு மட்டும் தூவிய வஞ்சிரம் வறுவல் மூன்றும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். மீன்மேல் எலுமிச்சை பிழியும் வேலையை ஒயினே செய்துவிடும். தேங்காய்ப்பால் சொதி எதிர்பாராத பொருத்தம், பாலின் கொழுப்பைப் புளிப்பு அறுத்துவிடுகிறது. வரமிளகாய் அரைத்த மீன் குழம்பு வேண்டாம். காரமும் ஆல்கஹாலும் சேர்ந்தால் நாக்கு எரியும், இரண்டுமே ருசிக்காது. தயிர்ச்சாதத்தோடு முயன்றேன். சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

வின்சாந்தோவைச் சின்னக் கோப்பையில், கொஞ்சமாக. நெடியேறிய நீலப் பாலாடைக்கட்டி அல்லது உலர் அத்தியோடு வையுங்கள். அதைவிட இனிப்பான பலகாரத்தோடு வைத்தால் ஒயின் வெறும் புளிப்பாகிவிடும். அதனால் ஜாங்கிரி, பாதுஷா பக்கம் போக வேண்டாம்.

ஒன்பதாம் படி: மீதியை மூடி வையுங்கள்

இனிப்பில்லாத சாண்டோரினி மீதி இருந்தால் அதே தக்கையை அழுத்தி மூடிக் குளிர்பெட்டியில் நிறுத்தி வையுங்கள், படுக்கவைக்காதீர்கள். மூன்று நாள்வரை தாங்கும். இளம் பாட்டிலாக இருந்தால் மறுநாள் இன்னும் திறந்து பேசும். அதனால் நான் திறக்கும்போதே பாதியை நாளைக்கு என்று ஒதுக்கிவிடுவேன். வின்சாந்தோ பீப்பாயிலேயே காற்றுக்குப் பழகிய ஆள், திறந்த பிறகும் குளிர்பெட்டியில் சில வாரம் கெடாமல் இருக்கும். அடியில் பொடிப்பொடியாகக் கண்ணாடிச் சில்லுபோல் ஏதாவது தங்கியிருந்தால் பாட்டிலைக் கொண்டுபோய்க் கடைக்காரரிடம் சண்டை போடாதீர்கள். அது உடைந்த கண்ணாடி அல்ல. திராட்சையின் புளிப்பு அமிலம் குளிரில் உறைந்து விழுந்த உப்புதான். கடைசி அரைக் கோப்பையை மெதுவாகச் சாய்த்து ஊற்றினால் அது பாட்டிலிலேயே நின்றுவிடும்.